உப்புக்காற்றில் ஒரு வலைத்தளம்: பெட்டியை வீட்டில் வைப்பதா, வாடகைக்கு எடுப்பதா?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் நான் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனியில், நாட்டுப்படகுகளுக்குப் போகும் சில ஐஸ் பார்களைத் தவிர ஏட்டில் ஏற்ற ஒன்றும் இருக்காது. என் கணினி வேலைகள் எல்லாம் நடப்பது அப்போதுதான். பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதிவைத்த மீன் பெயர்கள், காற்றுகளின் பெயர்கள், கிழவர்கள் பேசிய ஒலிப்பதிவுகள், பழைய படங்கள் எல்லாவற்றையும் ஒரு வலைத்தளமாக வைத்திருக்கிறேன். அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நான்கு ஆண்டுகளில் நான்கு விடைகள் முயன்று பார்த்தாயிற்று. இரண்டு முறை தளம் செத்துப் பிழைத்தது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு என் செலவில் கிடைத்த பாடம் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சரக்கு எவ்வளவு என்று எடைபோட வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலரும் பெரிய கணினிப் பெட்டி வாங்குகிறார்கள். ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் பிடிக்கும். ‘கோ’ போல உயிர்க்குறி சேர்ந்த எழுத்தென்றால் ஆறு. ஒரு லட்சம் குறிகள் எழுதினாலும் 300 கிலோபைட்தான். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பெரியது. பேச்சு ஒலியை ஓப்பஸ் வடிவில் 32 கிலோபிட் வேகத்தில் சுருக்கினால் ஒரு மணி நேரப் பதிவு 15 மெகாபைட்டுக்குள் அடங்கும். கிழவர்களின் குரலுக்கு அது தாராளம். படங்களை அகலம் 1,600 புள்ளிக்குக் குறைத்தால் ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோபைட். ஆயிரம் படம், பத்து மணி நேர ஒலி, எல்லா எழுத்தும் சேர்த்தாலும் அரை கிகாபைட்டைத் தாண்டவில்லை. கேட்பவர்களுக்குத் தளத்தின் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் கணினியை சர்வர் என்பார்கள்; இதற்கு அந்தப் பெரிய பெயரே அதிகம்.

ஆனால் ஒன்று மட்டும் நிற்காமல் மாறுகிறது. பிஎம்இ280 என்ற சிறிய உணரி ஒன்றை வீட்டில் மாட்டியிருக்கிறேன். சில நூறு ரூபாய்தான்; வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும். அழுத்தக் கோட்டைத் தளத்தில் போடுகிறேன். மாட்டிய முதல் வாரம் உணரி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மழையும் இல்லை, புயலும் இல்லை. கோடு மட்டும் காலை பத்து மணி வாக்கில் ஏறி, மாலை நான்கு வாக்கில் இறங்கி, இரவு பத்துக்கு மறுபடி ஏறி, விடியற்காலை நான்குக்கு மறுபடி இறங்கியது. தினமும் இதே கதை. பிறகுதான் தெரிந்தது, கடலுக்கு ஓதம் இருப்பதுபோல் காற்றுமண்டலத்துக்கும் உண்டு என்று. வெயில் மேல்வளியைச் சூடாக்குவதால் வருவது. நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்குத்தான் இவ்வளவு தெளிவாகத் தெரியும். புயல் சின்னம் நெருங்கும்போது இந்த ஒழுங்கான ஏற்ற இறக்கம் குலைந்து கோடு ஒரேயடியாகச் சரியும். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் நாளில் என் தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் அவர்கள்.

இந்தக் கோடு மட்டும் இல்லையென்றால் கட்டுரையை இரண்டு பத்தியில் முடித்திருப்பேன்.

உப்பு என்ன செய்கிறது

மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்கள் எழுதும் ஒப்பீடுகளில் விலை, வேகம், மின்செலவு மூன்றும் இருக்கும். எங்கள் கரையில் நான்காவதாக ஒன்று உண்டு. அது மற்ற மூன்றையும் விழுங்கிவிடும்.

சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 விழுக்காட்டிலேயே நீரை இழுக்கத் தொடங்கும். அதனால்தான் தென்கடலிலிருந்து, அதாவது மன்னார் வளைகுடாவிலிருந்து, வரும் காற்று ஜன்னல் கம்பியில் விட்டுப்போகும் படலம் நண்பகலிலும் பிசுபிசுக்கிறது. என் உணரி பெரும்பாலான இரவுகளில் 75க்கு மேல்தான் காட்டுகிறது. ஆக, கணினிக்குள் போன உப்பு அங்கே தூசியாகக் கிடப்பதில்லை; மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகளின் மேல் உப்புத் தண்ணீராக உட்கார்ந்திருக்கிறது. யுஎஸ்பி துளைக்குள் பச்சைக் களிம்பு பூப்பது அப்படித்தான்.

உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து அரிமானத்தைச் சோதிக்க, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நிலையம் அமைத்த இடம் மண்டபம். ஊரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எங்கள் காற்றைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில், தூக்குப் பகுதியின் அரிமானத்தால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட வேண்டியிருந்தது. பாலத்துக்கே அந்தக் கதியென்றால், ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டி எம்மாத்திரம்.

இதிலிருந்து வரும் முதல் விதி: சூடு தணிக்கும் காற்றாடி (ஃபேன்) உள்ள எதையும் கடலைப் பார்த்த அறையில் வைக்கக் கூடாது. காற்றாடி என்பது உப்பை அளந்து உள்ளே ஊற்றும் கரண்டி. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் தெற்கு ஜன்னல் பக்கம் வைத்திருந்த கணினியை வீட்டின் நடு அறைக்கு மாற்றியதே, நான் செய்த எல்லா மாற்றங்களிலும் அதிகப் பலன் தந்தது. அதற்கு ஒரு காசும் செலவில்லை. காற்றே புகாத டப்பாவுக்குள் பூட்டிவைக்கும் யோசனையும் எனக்கு வந்தது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு சம்படத்துக்குள் வைத்தேன். உப்பு வரவில்லை, ஆனால் சூடு வெளியேற வழியில்லாமல் பெட்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு முனகியது. மூடியில் துளை போட்டேன். துளை போட்ட பிறகு அது சம்படமாகவும் இல்லை, காற்றோட்டமாகவும் இல்லை.

ராஸ்பெர்ரி பை

நான் முதலில் வாங்கியது இதைத்தான். எல்லோரும் முதலில் வாங்குவதும் இதுதான். உள்ளங்கை அளவுப் பலகையில் ஒரு கணினி, காற்றாடி தேவையில்லை, நான்காம் பதிப்பு சும்மா இருக்கும்போது மூன்று நான்கு வாட்தான் இழுக்கும். ஒரு வாட் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். அந்தக் கணக்கில் பைக்கு ஆறு யூனிட்டுக்குள். ஒப்பிட்டுப் பாருங்கள்: பரணில் கிடக்கும் பழைய மேசைக் கணினி 70 வாட் இழுத்தால், இரண்டு மாதத்தில் நூறு யூனிட் ஆகிறது. நமக்கு அரசு இலவசமாகத் தரும் நூறு யூனிட் முழுவதையும் அது ஒன்றே குடித்துவிடும். மேசைக் கணினியைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

பையின் பலவீனம் அதன் மெமரி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் கார்டில் உள்ள கோப்பு அமைப்பு சிதையும். எங்கள் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டா போகிறது? என் முதல் கார்டு ஒரு வாடைக் காலத்தில், ஒரே மாலையில் ஏழெட்டு முறை கரண்ட் வந்து வந்து போனபோது செத்தது. நகல் எடுத்துவைத்திருந்தது மூன்று மாதத்துக்கு முந்தியது. இடையில் சேர்த்த நாற்பது மீன் பெயர்களைப் பெரியப்பாவிடம் மறுபடி கேட்டேன். இந்த முறை அவர் சிலவற்றுக்கு வேறு பெயர் சொன்னார். முன்பு சொன்னது வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கத்துப் பெயராம், இது தென்கடல் பெயராம். இழப்பிலும் ஒரு வரவு.

இதற்கு மருந்து உண்டு. கார்டைப் படிப்பதற்கு மட்டும் என்று பூட்டிவிட்டு, மாற்றங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் அமைப்பு பையிலேயே இருக்கிறது. அல்லது கார்டை ஒதுக்கிவிட்டு யுஎஸ்பி வழியாக ஒரு எஸ்எஸ்டி சேமிப்பகத்திலிருந்து தொடங்கவைக்கலாம். ரவுட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றில் இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐந்தாம் பதிப்பு புதியது, வேகமானது என்று அதை வாங்கினால், அது ஐந்து வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் கேட்கும். சின்ன யுபிஎஸ்களில் அது கிடைப்பது அரிது. மூன்று ஆம்பியர் அடாப்டரிலும் ஓடும்தான். ஆனால் யுஎஸ்பி துளைகளுக்குத் தரும் மின்னோட்டத்தை 600 மில்லி ஆம்பியராகக் குறைத்துவிடும். மாட்டிய எஸ்எஸ்டி திணறும். கடற்கரையில் மின்வெட்டுக்கு நடுவே ஓட வேண்டிய பெட்டிக்கு நான்காம் பதிப்போ, அதைவிடச் சின்ன ஜீரோ 2 டபிள்யூவோ போதும். நம் மீன் பட்டியலுக்கு வேகம் எதற்கு?

பையிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று: கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலே எழுந்துவிடும். இந்தக் குணத்தின் அருமை அடுத்த பெட்டிக்கு வந்தபோதுதான் புரிந்தது.

பழைய மடிக்கணினி

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத நல்ல மடிக்கணினிகள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. ராமநாதபுரத்தில் பொறியியல் படிக்கும் என் மருமகன் அதற்கு முன்பே தன் பழையதைத் தந்திருந்தான். விண்டோஸுக்குப் பதில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். வாங்குமுன் பார்க்க வேண்டியது, அது 64 பிட்டா என்பதை மட்டுமே; டெபியன் 13 முதல் 32 பிட் கணினிகளில் நிறுவ முடியாது.

மடிக்கணினி தன் யுபிஎஸ்ஸைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. திரை, விசைப்பலகை இருப்பதால் ஏதாவது கோளாறு என்றால் அங்கேயே திறந்து பார்க்கலாம். பைக்குப் போல டிவியைக் கழற்றிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. திரை அணைந்திருக்கும்போது என்னுடையது 15 வாட் வாக்கில் இழுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 22 யூனிட். பையைவிட நான்கு மடங்கு, ஆனாலும் தாங்கக்கூடியது.

குறைகள் சின்னவை போலத் தெரியும், ஆனால் சின்னவை அல்ல. மூடியை மூடினால் உறங்கிவிடும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி அதைத் தடுக்க வேண்டும். எப்போதும் மின்னேற்றத்திலேயே கிடந்தால் பேட்டரி உப்பும். சில மடிக்கணினிகளில் 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தச் சொல்லலாம், என்னுடையதில் முடிகிறது. முடியாதவற்றில் மாதம் ஒருமுறை தரையில் வைத்து, அடிப்பாகம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். காற்றாடி இருக்கிறது என்பதால் நடு அறை விதி இதற்குக் கட்டாயம்.

பெரிய குறை இது: மின்வெட்டு நீண்டு பேட்டரியும் தீர்ந்து அணைந்தால், கரண்ட் வந்த பிறகும் பெரும்பாலான மடிக்கணினிகள் எழுவதில்லை. யாராவது பொத்தானை அமுக்க வேண்டும். நான் ஐஸ் கம்பெனியில், வீட்டில் அம்மா. “அந்தப் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?” என்று அம்மா கேட்பதற்குள் மதியம் ஆகிவிடும்.

எஸ்டிடி பூத்தின் சிக்கல்

பையோ மடிக்கணினியோ, வீட்டில் வைத்தால் வெளியிலிருந்து ஆள் வரும் வழி வேண்டும். இங்கேதான் பலர் இரண்டு நாள் தூக்கம் இழக்கிறார்கள். இணைய முகவரிகள் பற்றாக்குறையால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. தொண்ணூறுகளின் எஸ்டிடி பூத் நினைவிருக்கிறதா? அங்கிருந்து துபாய்க்குப் பேசலாம். துபாயிலிருந்து நம் வீட்டைக் கூப்பிட முடியாது. அதே நிலைதான். ரவுட்டருக்குள் போய்ப் பாருங்கள். வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் பூத்தில் இருக்கிறீர்கள். ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்துவைத்தாலும் ஆள் வர மாட்டார்கள்.

மூன்று வழி உண்டு. நிறுவனத்திடம் நிலையான முகவரிக்குக் கூடுதல் பணம் கட்டலாம். புதிய ஐபி ஆறாம் பதிப்பு முகவரி கிடைத்தால் அதில் தளத்தை வைக்கலாம். ஆனால் பார்ப்பவரின் இணைப்பிலும் அது இருக்க வேண்டும். அல்லது கிளவுட்ஃப்ளேர் போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் இலவசமாகத் தரும் சுரங்க வழியைப் பயன்படுத்தலாம்: நம் பெட்டி உள்ளிருந்து வெளியே ஒரு குழாய் போட்டுவைக்கும், வருகிறவர்கள் அவர்கள் வாசல் வழியாக அந்தக் குழாயில் வருவார்கள். நான் மூன்றாவதைச் செய்தேன். அரை மணி நேர வேலை, நன்றாகவே ஓடியது. ஆனால் ஒன்று உறுத்தியது. என் தளம் என் வீட்டில் என்று பெருமை பேசிக்கொண்டு, கடைசியில் அடுத்தவர் வாசலில்தான் ஆளை நிறுத்தியிருக்கிறேன். அவர்களுடைய வாசலே வேண்டுமென்றால், சரக்கையும் அங்கேயே வைத்துவிட்டால் என்ன?

2024 நவம்பர் 20 அன்று அந்த உறுத்தல் முடிவாக மாறியது. ஒரே பகலில் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவில் கணுக்கால் மூழ்கும் தண்ணீர். கரண்ட் போனது, பேட்டரி தீர்ந்தது, ரவுட்டர் அணைந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக என் தளத்தைத் திறந்து பார்த்து, ஒன்றும் வராமல், பயந்து, கைப்பேசியில் அழைத்தார்கள். எந்த நாளில் பார்க்க ஆள் வருமோ, அந்த நாளில்தான் என் வீட்டில் கரண்ட் இருக்காது. வீட்டு சர்வருக்கு எதிராக எனக்குத் தெரிந்த வலுவான வாதம் இதுதான். உப்புக்கு மருந்து உண்டு, கார்டுக்கு உண்டு, பூத்துக்கும் உண்டு, இதற்கு இல்லை.

வாடகை சர்வர்

“மாமா, மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் முடிகிற விஷயத்துக்கு ஏன் இந்தப் பாடு?” என்பது மருமகனின் கட்சி. ஐந்து டாலர் மாத வாடகை, அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி; ஆண்டுக்கு ஆறாயிரம் வாக்கில். பெங்களூர், மும்பையிலேயே இடம் கிடைக்கிறது. பொது முகவரி உண்டு, அணையாது, உப்பு இல்லை. லினக்ஸ் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடமும் இல்லை. அவன் சொல்வதில் பாதி உண்மை.

மறுபாதி, பணம் கழியும் விதத்தில் இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடப்புக்கு வந்தது: முன்கூட்டியே அறிவிப்பும், பதிவுசெய்த ஒப்புதலும் வேண்டும். அதற்கு ஏற்ற ஏற்பாடு இல்லாத வெளிநாட்டுக் கடைகளில் தானியங்கிக் கட்டணம் நின்றது. என் இரண்டாவது சாவு இதுதான். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய வாரம். ஐஸ் கம்பெனியில் இரவு பகலாக வேலை. பணம் கழியவில்லை என்று வந்த இரண்டு மின்னஞ்சல்களை நான் திறக்கவே இல்லை. மூன்றாவது, சர்வரை அழித்துவிட்டோம் என்று சொன்னது. நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது, எச்சரித்துவிட்டுத்தான் செய்தார்கள்.

அதோடு, பொது முகவரி உள்ள பெட்டியை உலகமே தட்டிப் பார்க்கும். நிறுவிய முதல் இரவே கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்த்த முயற்சிகள் பதிவேட்டில் பக்கம் பக்கமாக இருந்தன. கடவுச்சொல் நுழைவை மூடிவிட்டுச் சாவிக் கோப்பு மட்டும் என்று வைத்தால் ஆபத்தில்லை. ஆனாலும் திருத்தங்களைப் போட்டுக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். ஆண்டில் பத்து மாதம் அந்த ஆள் ஐஸ் பாருக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். கருத்துப் பெட்டி, உறுப்பினர் நுழைவு, தேடும் வசதியுள்ள தரவுத்தளம் என்று உங்கள் தளத்தில் எப்போதும் ஒரு நிரல் ஓட வேண்டுமென்றால் வாடகை சர்வர்தான் சரி. மீன் பெயருக்கு அது, முரல் பிடிக்க விசைப்படகு எடுத்த கதை.

இலவச இடம்

நிரல் எதுவும் ஓடாமல், எழுதிவைத்த பக்கங்களை அப்படியே எடுத்துக் கொடுக்கும் இடங்கள் பல உண்டு. கிட்ஹப் பேஜஸ் அவற்றில் தெரிந்த பெயர்: தளம் ஒரு கிகாபைட் வரை, மாதம் நூறு கிகாபைட் போக்குவரத்து வரை என்பது அவர்கள் வகுத்த அளவு. கிளவுட்ஃப்ளேர் பேஜஸில் ஒரு கோப்பு 25 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். நம் ஒலிப்பதிவுகள் தப்பிவிடும். நியோசிட்டீஸ் 2013இல் தொடங்கியது. பழைய ஜியோசிட்டீஸின் நினைவில் பெயர் வைத்தது. அங்கும் இலவசமாக ஒரு கிகாபைட். வீட்டில் ஹ்யூகோ போன்ற ஒரு கருவி எழுத்துக் கோப்புகளைப் பக்கங்களாகக் கட்டித்தரும். கட்டியதை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. பூட்டுச் சின்னம், பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் அவர்கள் பாடு.

பயம் ஒன்றுதான்: இன்று இலவசம், நாளை? 2009இல் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது, கோடிக்கணக்கான பக்கங்கள் பழங்கதையாயின. ஆனால் இந்தப் பயத்துக்கு மருந்து மலிவு. உங்கள் சொந்த டொமைன் பெயர் (தளத்தின் முகவரிப் பெயர்) ஒன்றை வாங்குங்கள். ‘.in’ என்று முடியும் பெயர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் வரும்; பல ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிட்டால் கார்டு தொல்லையும் இல்லை. இடம் மூடினால் பெயரை வேறு இடத்துக்குத் திருப்பிவிடலாம். வருகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. ‘.இந்தியா’ என்று முடியும்படி தமிழிலேயே டொமைன் வாங்கலாம், ஆசைதான். ஆனால் சில செயலிகளில் அனுப்பும்போது அது எக்ஸ்என் என்று தொடங்கும் நீண்ட ரோமன் எழுத்துக் குவியலாக மாறிவிடுகிறது. மோசடி இணைப்பு என்று நினைத்து சித்தப்பா திறக்க மறுத்தார். இப்போதைக்கு ரோமன் பெயர்தான்.

எழுத்தை வெறும் எழுத்துக் கோப்பாக வைத்திருப்பதும் இதே வகை மருந்து. பெரியப்பாவின் முதல் பட்டியலை இருபது ஆண்டுக்கு முன் ஒரு டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியிருந்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஊளி மீனும் நகரையும் ஆங்கில எழுத்துகளாக உளறின. மாற்றிக் கருவியில் போட்டு மீட்டேன். ஒருங்குறிக்கு வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

முகநூலில் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள், போன ஆண்டு தாங்களே போட்ட ஒரு படத்தை அங்கே தேடி எடுத்துக் காட்டட்டும், பிறகு பேசலாம். பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியை சர்வராக்குவதையும் முயன்றேன். பேட்டரி, காற்றாடி இல்லாத மூடிய உடல், சிம் கார்டு என்று காகிதத்தில் எல்லாப் பொருத்தமும் உண்டு. ஆனால் பின்னணியில் ஓடும் நிரல்களை ஆண்ட்ராய்டு சொல்லாமல் கொன்றுவிடும். விளையாட்டுக்குச் சரி.

இப்போது எப்படி இருக்கிறது

மடிக்கணினி நடு அறையில், அரிசி டிரம்முக்கு மேலுள்ள பலகையில் இருக்கிறது. வெள்ளம் எட்டாத உயரம், கச்சான் எட்டாத மூலை. உணரியைப் பழைய ராஸ்பெர்ரி பை ஒன்று படிக்கிறது. அது அடுக்களை வெளிச்சுவரில், மழை படாத இடத்தில். மடிக்கணினி மணிக்கு ஒருமுறை புதிய அழுத்தக் கோட்டை ஒரு சின்னக் கோப்பாக இலவச இடத்துக்கு அனுப்புகிறது. மணிக்குப் பத்து முறைக்கு மேல் பக்கங்களைக் கட்டவைக்காதீர்கள் என்று கிட்ஹப் கேட்டுக்கொள்கிறது. நமக்கு ஒன்று போதும். வீட்டில் கரண்ட் போனால் புது எண் வராது, ஆனால் கடைசியாக வந்த எண்ணும் நேரமும் பக்கத்தில் நிற்கும். மீன் பெயர்களுக்கும் கிழவர்களின் குரலுக்கும் ஒன்றும் ஆகாது. கோட்டின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: “மூன்று மணி நேரமாகப் புதிய அளவு இல்லையென்றால் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை என்று பொருள், நாங்கள் நலம்.” அதற்குப் பிறகு ஷார்ஜாவிலிருந்து பதற்றமான அழைப்புகள் குறைந்துவிட்டன.

செலவு: டொமைன் வாடகை, இரண்டு பெட்டிக்கும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட்டுக்குள். வாடகை சர்வருக்குக் கட்டிய ஆறாயிரத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதில் நகல் எடுத்து, கம்பெனி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறேன்.

உங்கள் வீடு ராமநாதபுரம் நகருக்குள், கடலை விட்டு உள்ளே தள்ளி இருந்தால் உப்பைப் பற்றி நான் சொன்னதில் பாதியை விட்டுவிடலாம். பொத்தானை அமுக்க ஆள் இருந்து, ரவுட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு இருந்தால், சுரங்க வழியோடு ஒரு மடிக்கணினி மட்டும் வைத்தே தளத்தை நடத்தலாம். அந்த இன்பம் தனி. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கடல் பார்த்த வீடு உங்களுடையது என்றால் பக்கங்களை வெளியே வைத்துவிட்டுப் பெட்டியைக் கையால் நோண்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது: அடுக்களைச் சுவரில் இருக்கும் பையின் யுஎஸ்பி துளையில் பச்சை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15க்குப் பிறகு அதைக் கழற்ற வேண்டும்.